முடிவறியா இழப்பும் மனவடுச் சிகிச்சையும்: வட இலங்கையை முன்வைத்து

போர் விட்டுச்சென்ற மனவடுவுக்கான சிகிச்சை முறைகள் பலவும் ஓர் எடுகோளின் மேல் நிற்கின்றன: கொடுமை நடந்து முடிந்துவிட்டது, அதன் நினைவுதான் இன்னும் ஓயவில்லை. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மனவடு நோயைத் தன் நோய்ப் பகுப்பில் சேர்த்தபோதும் இதுவே அடிப்படை. வட இலங்கையில் பலருக்கு இது பொருந்தும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த எடுத்துரைப்புச் சிகிச்சையில், தரையில் ஒரு கயிறு வாழ்க்கைக் கோடாக விரிக்கப்படும். நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் அதன்மேல் வைக்கப்படும். பிறகு பிறப்பிலிருந்து இன்றுவரையான கதையைப் பாதிக்கப்பட்டவர் வரிசையாகச் சொல்ல, உளவளத்துணையாளர் எழுதி வாசித்துக் காட்டித் திருத்துவார். திடீர் திடீரென வெட்டிவரும் நினைவுக்குக் காலமும் இடமும் கிடைக்கின்றன. அது இறந்தகாலத்துக்குப் போய்ச் சேர்கிறது. 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 சிறுவர்களிடம் இம்முறையைத் தியான, தளர்வுப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் மற்றதில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். குழு சிறியது, சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே எந்த முறை மேல் என்பதற்கு இது சான்றாகாது. உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே இவ்வேலையைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உளமருத்துவர்கள் அரிதான மண்ணில் அது பெரிய செய்தி.

ஆனால் 2009 மே மாதத்தில், போரின் முடிவில், மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த தாய், அந்தக் கயிற்றின் எந்த இடத்தில் கல்லை வைப்பாள்? அவளுடைய நிகழ்வுக்கு முடிவு இல்லை. அந்தியேட்டிச் சடங்கு செய்ய முடியாது, திவசத்துக்கு நாள் குறிக்க முடியாது. கணவனைத் தேடும் பெண்ணுக்குப் பொட்டு வைப்பதா விடுவதா என்பதே ஊர்வாய்க்கு அஞ்ச வேண்டிய கேள்வியாகிறது. இறப்புச் சான்றிதழ் வாங்கினால் தன் கையாலேயே அவனைக் கொன்றதுபோல் உணர்கிறாள். இறப்பைச் சொல்லாமல் ஆள் இல்லாமையை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அது சொத்து, உதவித்தொகைச் சிக்கல்களைத் தளர்த்தலாம், துயரத்தைத் தீர்க்காது.

தெளிவற்ற இழப்பு என்று இதற்குப் பெயரிட்ட அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ், இத்தகையோரை முடிவுக்கு வரும்படி நெருக்கக் கூடாது என்கிறார். இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒருசேரத் தாங்கும் வலுவை, ஒத்த நிலையினரின் குழுவில் பெற முடியும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக வலியுறுத்துவதும் இதனோடு இணைகிறது: போர் உடைத்தது தனி மனங்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் அயல்மீதான நம்பிக்கையையும் உடைத்தது. எனவே 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தை ஆறாத நோயின் அறிகுறியாகப் படிப்பது தவறு. குலைந்த அயலுறவை அவர்கள் தாமே மீண்டும் கட்டிக்கொண்ட இடம் அது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் எழுகின்றன. இக்குடும்பங்களுக்கு எடுத்துரைப்புச் சிகிச்சையைப் பொதுமருந்தாகக் கொடுக்காமல், மாவட்ட உளநலப் பிரிவுகள் நீண்டகாலக் குழுக்களை நடத்த வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கான விடையை அரசியல் கோரிக்கை என்று ஒதுக்காமல், சிகிச்சையின் பகுதியாகவே உளமருத்துவர்கள் அரசிடம் கேட்க வேண்டும்.