ஜூடோ என்னும் மல்வித்தையின் வரலாறு

நமது குலத்து இளைஞருட் சிலர், தாம் பயிலும் சிலம்பத்திற் பிறதேயத்து அடிகளையும் பிடிகளையும் சேர்த்தல் தகுமோ என வினவுகின்றனர். முதியோர் தகாது என்பர். இளையோரோ வெற்றி தருவது எதுவாயினும் கொள்ளலாம் என்பர். இரு திறத்தாரும் வித்தையின் உயிர்நிலை யாது என்பதனை ஆராய்ந்திலர். இதனைத் தெளிதற்கு ஜப்பான் தேயத்து வரலாறு ஒன்று பெரிதும் உதவுமாதலின், அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கானோ ஜிகோரோ என்பார் 1860 ஆம் ஆண்டிற் பிறந்தவர்; மெலிந்த யாக்கையினர். பள்ளியில் வலிய மாணாக்கரால் நலிவுற்ற அவர், எளியார் வலியாரை வெல்லும் வழி ஜூஜுத்ஸு என்னும் பழம்போர் வித்தையில் உண்டெனக் கேட்டு, 1877 ஆம் ஆண்டில் தோக்கியோ நகரத்து ஃபுக்குதா என்னும் ஆசிரியரை அடைந்தார். சாமுராய் வகுப்பினர் வாள் தரித்தல் 1876 ஆம் ஆண்டில் விலக்கப்பட்டமையின், அக்காலம் அவ்வித்தைக்கு இறங்குகாலமாயிருந்தது. ஃபுக்குதாவின் தென்ஜின் ஷின்யோ மரபு அடித்தலும் நெரித்தலும் மூட்டு மடக்குதலும் மிக்கது. பின்னர் இக்குபோ என்பாரிடம் அவர் கற்ற கிதோ மரபோ வீழ்த்துதலிற் சிறந்தது.

ஃபுக்குதாவின் கூடத்தில் ஃபுக்குஷிமா என்னும் பேருடலினர் ஒருவர் இருந்தார். அவரை அசைத்தலும் கானோவுக்கு அரிதாயிற்று. தம் மரபிற் கற்ற பிடிகள் பயன்படாமை கண்டு, சுமோ மல்லரின் பிடிகளை முயன்றார், அவையும் உதவவில்லை. பின்னர் நூல்நிலையம் புகுந்து, மேனாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். ஆங்கு ஒரு பிடி கிடைத்தது. எதிரியை முன்னிழுத்து அவன் காலூன்றலைத் தளர்த்தித் தான் தாழ்ந்து புகுந்து, அவனைத் தோள்மேற் குறுக்காக ஏற்றி வீழ்த்துவது அது. பலநாட் பயின்று முயலவே ஃபுக்குஷிமா வீழ்ந்தார். இதுவே காத்தா குருமா எனப்படும். தமிழில் தோட்சக்கரம் எனலாம்.

1882 ஆம் ஆண்டிற் கானோ, எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலிற் பன்னிரண்டு பாய் விரித்த சிறு கூடத்தில், ஒருசில மாணாக்கரோடு கோடோக்கன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். தம் வித்தைக்கு ஜூடோ எனப் பெயரிட்டார். 1885 ஆம் ஆண்டளவில் தம் ஆசிரியர் இக்குபோவை அவர் பன்முறை வீழ்த்த, ஆசிரியர் வியந்து காரணம் வினவினாராம். எதிரியின் உடல்நிலையை முதற்கண் குலைத்துப் பின்னரே வீழ்த்தல் வேண்டும் என்பதே விடை. இனிக் கற்பித்தற்கு ஒன்றுமில்லை என்றார் ஆசிரியர். அங்ஙனம் சொல்லவல்ல ஆசிரியர் எத்தனை பேர் உளர்!

இந்நிலைகுலைத்தலே கானோவின் முதல் உரைகல். மேனாட்டுப் பிடி அவர் வித்தையிற் பொருந்தியது இவ்வுரைகல்லில் தேறியமையால் என்க. பிறந்த தேயம் நோக்கப்படவில்லை. இரண்டாம் உரைகல், இருவரும் முழுவலியோடு பொருதும் ஊறுபடாதிருத்தல். தம் மரபிற் கற்றனவேயாயினும் இதில் தேறாதவற்றை அவர் போட்டிப் பயிற்சியினின்று நீக்கினார். 1899 ஆம் ஆண்டில் அவர் தலைமையில் வகுக்கப்பட்ட விதிகளில் விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றை மடக்குதல் விலக்கப்பட்டது. முழங்காலை முறுக்குதலும் பின்னர் விலக்குண்டது.

விலக்கியவற்றை அழியவிட்டாரோ எனின், இல்லை. இருவர் முன்னரே வகுத்த முறைப்படி பயிலும் காத்தா என்னும் பயிற்சியில் (முற்கூறிய காத்தா தோள், இது வேறு சொல்) அடித்தலும் முழங்கால் முறுக்கும் வைத்துக் காக்கப்பட்டன. நாம் மிக வியப்பது இதனையே. உரைகல்லில் தேறாதது போட்டிக்கு ஆகாதேயன்றி, நினைவினின்று நீங்கத்தக்கதன்று.

1895 ஆம் ஆண்டில் வீழ்த்தும் முறைகள் நாற்பத்திரண்டு ஐந்து வகுப்பாக்கப்பட்டன. 1920 ஆம் ஆண்டில் எட்டு நீக்கி, ஆறு சேர்த்து, நாற்பதாக்கினர். ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே பட்டியல் மாறியதும் உரைகல் மாறாததும் கருதத்தக்கன. 1922 ஆம் ஆண்டில் அக்கோட்பாட்டை, ஆற்றலை நன்முறையிற் பயன்கொள்ளுதல், தானும் பிறரும் ஒருங்கு நலம்பெறுதல் என இரண்டாகப் பறைசாற்றினர். கானோ 1938 ஆம் ஆண்டில் மறைந்தார். 1964 ஆம் ஆண்டில் ஜூடோ ஒலிம்பிக் பந்தயத்திற் புகுந்தது.

பின்வந்தோர் செய்த தெரிவு ஒன்றும் உண்டு. எதிரியின் காலை நேரே கையாற் பற்றுதலை உலக ஜூடோ சம்மேளனத்தார் 2010 ஆம் ஆண்டில் வரையறுத்து, 2013 ஆம் ஆண்டில் முற்றும் விலக்கினர். ஜூடோ பிற மற்போர்களின் சாயலை அடைகின்றது என்பதே பெரிதும் கூறப்பட்ட காரணம். பிற வித்தையின் சாயல் என்பதனாற் கானோ எப்பிடியையும் ஒதுக்கினாரல்லர் ஆதலின், இக்காரணம் அவர் உரைகற்களுள் எதனையும் சாராது என்பது நம் துணிபு. இவ்விலக்கினால் எதிரியின் தொடையைத் தழுவி எடுக்கும் பழைய தோட்சக்கரமும் அவர்தம் போட்டிகளினின்று நீங்கியது. ஆயினும் கானோ வகுத்த நாகெ நோ காத்தாவின் பதினைந்து வீழ்த்துகளுள் மூன்றாவதாக, அத்தொடைப்பிடியோடே அஃது இன்றும் பயிலப்படுகின்றது.