குழலும் குழாயும்

“கொழாதானே தங்கச்சி? வெட்டுனத ஒட்டிட்டாங்க. அப்புறம் எதுக்கு திரும்பத் திரும்ப வரச் சொல்றாங்க?”

2005இன் கடைசியில், நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தில் ஓர் அக்கா என்னிடம் கேட்டது இது. முந்தைய டிசம்பர் 26 அன்று கடல் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோயிருந்தது. இரண்டாம் பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். சுனாமியில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு, வெட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்துதருவதாகத் தமிழக அரசு அறிவித்திருந்தது. அதைச் செய்துகொண்டு வந்திருந்தார். நிவாரண வேலைக்குப் போயிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய மொழிமாற்றப் பிழை ஒளிந்திருப்பது தெரிந்தது.

இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த கப்ரியேலே ஃபலோப்பியோ, 1561இல் வெளியான தன் நூலில் இந்த உறுப்பை விவரித்தார். கருப்பைப் பக்கம் ஒடுங்கி, மறுமுனையில் நாதஸ்வரத்தின் வாய்போல விரியும் அதன் வடிவம் அவருக்கு எக்காளத்தை நினைவூட்டியது. லத்தீனில் எக்காளத்துக்கு ‘தூபா’ என்று பெயர், அதையே வைத்தார். ஆங்கிலத்துக்குப் போனபோது தூபா ‘டியூப்’ ஆனது. நமக்குக் குழாயாக வந்து சேர்ந்தது. ‘கருக்குழல்’ என்று எழுதுகிறவர்கள்தான் ஃபலோப்பியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அதன் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாது. முட்டை அதன் வழியாகத்தான் கருப்பைக்கு வருகிறது என்று 1672இல் வாதிட்டவர் டச்சு மருத்துவர் டி கிராஃப். உண்மையில் முட்டை தானாக வழுக்கிக்கொண்டு வருவதில்லை. சுமார் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் உட்சுவரில் நுண்ணிழைகள் நாற்றங்காலைப்போல அசைகின்றன. தசை சுருங்கி விரிகிறது. கரு உண்டாவதும் அங்கேதான். உண்டான கருவை இவை இரண்டும் சேர்ந்து சில நாட்களில் கருப்பைக்குக் கொண்டுசேர்க்கின்றன. தொற்றோ கத்தியோ பட்ட இடத்தில் தழும்பு விழுந்தால், வழி திறந்தே இருந்தாலும் கரு நடுவழியில் தங்கிவிடலாம். வளர வளரக் குழல் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இதற்குப் பெரும்பாலும் மரணம்தான் முடிவு. 1881இல் பர்மிங்காமில், இப்படி ஒரு பெண்ணுக்கு வெடித்த குழலை அகற்றும்படி லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவரை இன்னொரு மருத்துவர் கேட்டார். டெய்ட் துணியவில்லை. அந்தப் பெண் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது, ரத்தக் குழாயைக் கட்டியிருந்தாலே காப்பாற்றியிருக்கலாம் என்று டெய்ட்டுக்குப் புரிந்தது. 1883இல் துணிந்தார். முதலில் அறுவை செய்துகொண்ட பெண் பிழைக்கவில்லை. அடுத்தவர் பிழைத்தார்.

அக்காவைத் திரும்ப வரச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இணைத்த குழலில் தையல் ஆறியதோடு கதை முடிவதில்லை. நாள் தள்ளிப்போனால் உடனே ரத்தப் பரிசோதனை. ஐந்தாறு வாரத்தில் ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, உதிரப்போக்கு, தலைசுற்றல், காரணமில்லாத தோள்பட்டை வலி என எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. வயிற்றில் சேரும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோள் வலிக்கிறது. வெடிக்கும் முன்பே கண்டுபிடித்தால், சிலருக்கு மருந்திலேயே கருவைக் கரைத்துவிட முடியும்.

அடுத்த வருடம் அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. குப்பமே சந்தோஷப்பட்டது. ஏழாம் நாள் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தது. “வாயுவா இருக்கும், சுக்குக் கஷாயம் குடி” என்றார் மாமியார். அக்கா குடிக்கவில்லை, பஸ் ஏறிவிட்டார். இடது குழலில் கரு. அந்தக் குழலை எடுத்துவிட்டார்கள், உயிர் தப்பியது.

பார்க்கப் போனபோது அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வலது பக்கம் இருக்கு தங்கச்சி. வர்ற செவ்வாய்க்கெழம வரச் சொல்லிருக்காங்க. தொணைக்கு நீயும் வர்றியா?”

போனேன்.