கணிப்பொறிக்கு ஓர் உரைகல்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. செய்யுளின் ஓசையை அறிய அலகிட்டுப் பார்க்கும் முறை உண்டு. ஆப்பிள் II, கமடோர் பெட், டி.ஆர்.எஸ்-80 எனத் தனியொருவர் வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளத்தக்க மூன்று கணிப்பொறிகள் அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தன. வாங்க விரும்பியோர் அவற்றின் விரைவை ஒப்பிட முதலில் கண்ட எண், செயலியின் துடிப்பு வேகமே. நொடிக்கு இத்தனை இலட்சம் துடிப்பு என்னும் அவ்வெண், பொறி எவ்வளவு பணியை முடிக்கும் என்பதைக் கூறுவதில்லை. குதிரையின் குளம்பொலியை எண்ணுவதால் அது கடந்த தொலைவு தெரிந்துவிடாது.

அவ்வாண்டு ஜூன் மாதக் 'கிலோபாட்' இதழில் டாம் ரக், ஃபில் ஃபெல்ட்மன் ஆகிய இருவர் ஏழு சிறு நிரல்களை வெளியிட்டனர். அனைத்தும் பேசிக் மொழியில் அமைந்தவை. எவரும் சில நிமிடங்களில் தட்டச்சிட்டுவிடக் கூடியவை. முதல் நிரல் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எண்ணுவதன்றி வேறெதுவும் செய்யாது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டி, ஆயிரம் ஆயிற்றா எனச் சோதித்து, முன்வரிக்குத் திரும்பும். அடுத்த இரண்டும் அச்சுற்றினுள் நால்வகைக் கணக்குகளைச் சேர்க்கும். எஞ்சிய மூன்றும் துணைநிரலை அழைத்தல், உட்சுற்று, எண்களை வரிசையில் இட்டு வைத்தல் எனப் படிப்படியாகச் சுமையை ஏற்றும். மடக்கை, சைன் போன்ற கணிதச் சார்புகளுக்கு இவ்வேழில் இடமில்லை. அக்குறையை இங்கிலாந்தின் 'பெர்சனல் கம்ப்யூட்டர் வேர்ல்டு' இதழ் எட்டாம் நிரல் ஒன்றைச் சேர்த்து நிறைவு செய்தது.

அக்காலப் பொறிகள் பலவற்றில் நேரங்காட்டும் கடிகாரம் இல்லை. நிரல் தொடங்கும்போதும் முடியும்போதும் திரையில் ஓர் அடையாளம் தோன்றும். அருகில் அமர்ந்தவர் அதைக் கண்டு கையிலுள்ள நிறுத்துகடிகாரத்தை அழுத்துவார். முறை எளியது, ஆயினும் அது காட்டிய உண்மை நுட்பமானது. மூன்றாம் நிரல் பெயரிட்ட மாறியைக் கொண்டு கணக்கிடும். நான்காவது 2, 3, 4, 5 என்னும் எண்களை நேரே எழுதிக் கணக்கிடும். பேசிக் மொழிகள் பல, மாறியைப் பட்டியலில் தேடி எடுத்தன. எழுதப்பட்ட எண்ணையோ ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படித்து மதிப்பாக மாற்றின. இவற்றுள் எது மிகுந்த தாமதம் தருவது என்பதை இரு நேரங்களின் வேறுபாடு காட்டிக்கொடுத்தது.

துடிப்பு வேகமும் செயல் விரைவும் வேறென்பதற்கு இங்கிலாந்தின் இரு பொறிகள் சான்று. 1981இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோவின் செயலி 2 மெகாஹெர்ட்சில் இயங்கியது. 1982இல் வந்த சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 3.5 மெகாஹெர்ட்சு உடையது. ஆயினும் முதல் நிரலைப் பி.பி.சி. பொறி ஏறத்தாழ ஒரு நொடியில் முடித்தது. ஸ்பெக்ட்ரமுக்கு நான்கு நொடிக்கும் மேலாயிற்று. ஸ்பெக்ட்ரமின் இசட்-80 செயலி மிக எளிய ஆணைக்கும் நான்கு துடிப்புகள் கொள்ளும். மற்றதன் 6502 செயலிக்கு இரண்டு போதும். சோஃபி வில்சன் இயற்றிய பி.பி.சி. பேசிக் மொழியின் திறமும் இவ்விரைவுக்குக் காரணம். ஆக, சோதனை அளந்தது சில்லை மட்டுமன்று. மொழியை இயற்றியவரின் உழைப்பையும் சேர்த்தே அளந்தது. இரண்டின் விலையும் அதற்குத் தெரியாது: 48 கே நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரம் 175 பவுனுக்கு அறிமுகமாயிற்று, பி.பி.சி.யின் பி வகைப் பொறி அதே ஆண்டில் 399 பவுனுக்கு விற்றது.

விரைவோடு விடையும் சரியாக வேண்டும் அல்லவா? 1981 செப்டம்பர் 'பைட்' இதழில் ஜிம் கில்பிரெத் வெளியிட்ட நிரல் இதற்கு வழி செய்தது. பகா எண்களைப் பிரித்தெடுக்கக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கண்ட சல்லடை முறையே அதன் அடிப்படை. 3 முதல் 16383 வரையுள்ள ஒற்றைப்படை எண்களைச் சலித்து 1899 பகா எண்களைக் காணவேண்டும். அதனைப் பத்து முறை செய்யவேண்டும். 1899 வராவிடில் நேரத்தைக் குறிப்பதில் பொருளில்லை. எந்திர மொழியில் சில நொடிகளில் முடிந்த இப்பணி, வரிக்கு வரி படித்துச் செயற்படும் பேசிக் மொழியில் பல நிமிடங்கள் நீண்டது.

1983 நவம்பரில் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' இதழில் டேவிட் ஆல் மற்றொரு சிறு நிரலைத் தந்தார். 1 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து முறை வர்க்கமூலம் கண்டு, பின் பத்து முறை வர்க்கப்படுத்தினால், தொடங்கிய எண்ணே திரும்ப வேண்டும். எவ்வளவு விலகி வருகிறதோ அவ்வளவு பொறியின் கணக்குப் பிழை. விரைவோடு துல்லியத்தையும் அருகருகே வைத்துக் காட்டியதே அதன் சிறப்பு.

உரைகல் புகழ்பெற்றதும் அதற்கேற்பப் பொன்னுக்குப் பூச்சிடுவோரும் தோன்றுவர். 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் அமைத்த 'டிரைஸ்டோன்' சோதனைக்கு அவ்வாறே நேர்ந்தது. நிரலை முழுமையாக எந்திர மொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பிகள் திறன் பெற்றபோது, சோதனையில் பயன்படாத விடைகளைத் தரும் பகுதிகளைக் கண்டறிந்து அறவே நீக்கிவிட்டன. பணி நடவாமலே நேரம் குறைந்தது. பொறி விரைந்ததாக எண் கூறியது. அதைத் தடுக்க 1988இல் அச்சோதனை திருத்தப்பட்டது. ஆயிரம் வரை எண்ணும் எளிய சுற்றும் இன்றைய தொகுப்பிகளிடம் இவ்வாறே மறைந்துவிடக் கூடும்.

பழம்பொறிகளைப் போல இயங்கும் போலிப்பொறி நிரல்களை இன்று பலர் இயற்றுகின்றனர். அவை மூலப்பொறியின் உண்மையான விரைவில் ஓடுகின்றனவா என்று அறிய அப்பழைய நிரல்கள் பயன்படுகின்றன. அங்கே மிகுந்த விரைவும் பிழையே. அன்று நான்கு நொடி ஆன இடத்தில் இன்றும் நான்கு நொடி ஆகவேண்டும். எந்தப் பணி அளக்கப்பட்டது, அப்பணி உண்மையில் நடந்ததா, விடை சரியா என்னும் மூன்று வினாக்களை இச்சிறு நிரல்கள் விட்டுச் சென்றுள்ளன. விரைவைக் கூறும் எந்த எண்ணையும் ஏற்குமுன் அவற்றைக் கேட்டாக வேண்டும்.