காரைநகர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கு ஓரத்தில், வட்டுக்கோட்டைக்கு அப்பால் பரவைக் கடலால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் தீவாகிய காரைநகர், முன்னாளில் காரைதீவு என வழங்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், வட்டுக்கோட்டை வழியாக வரும் வீதி பொன்னாலைப் பாலத்தின் மீது, அதாவது ஆழமற்ற நீரை ஊடறுத்து அமைந்த நெடிய தாம்போதியின் மீது சென்று ஊரை அடைகிறது. இருபுறமும் நீர் விரிந்திருக்க, வலை கட்டி மீன் பிடிப்போரையும் பருவத்தில் வலசை வரும் நீர்ப்பறவைகளையும் காணத்தக்க இவ்வழியே ஊரின் முதற்காட்சி எனலாம்.

தீவின் வடகரையிலுள்ள கசூரினா கடற்கரை, சவுக்கு மரங்களால் அப்பெயர் பெற்றது. பாக்கு நீரிணையை நோக்கிய இக்கரையில் கடல் நெடுந்தூரம் ஆழமின்றி, பெரிய அலைகளுமின்றி இருப்பதால், நீந்தத் தெரியாதோரும் சிறுவரும்கூட அச்சமின்றி நீராட முடிகிறது; குடாநாட்டு மக்கள் குடும்பமாகக் கூடிச் சமைத்துண்டு பொழுதுபோக்கும் இடமாக இது நிலைத்தமைக்கு இதுவே தலையாய காரணம். அருகே கோவளத்தில் வெளிச்சவீடு உள்ளது.

தென்மேற்கே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரில் நிற்கும் கடற்கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது; 1658 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பிற்காலத்தில் சிறையாகவும் இருந்த இது இப்போது கடற்படை நடத்தும் விடுதியாகும்.

ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் இவ்வூர்ச் சிவன் கோவிலின் மார்கழித் திருவாதிரை விழாவுக்குப் புலம்பெயர்ந்த ஊரவரும் திரளாக வருகின்றனர். இவ்வாறு பலரும் வந்துபோகும் இவ்வூரில், கசூரினா கடற்கரையில் சேரும் பிளாஸ்டிக் கழிவு உடனடிக் கவனத்திற்குரியது. வருவோர் தம் குப்பையைத் தாமே எடுத்துச் செல்லவேண்டும்.