இருளில் ஒளிர்ந்த இரயில்

சாண் நீளமுள்ள மாதிரி இரயில் பெட்டி ஒன்றை மேசைமேல் நிறுத்தி, அதனுள்ளே கடுகு போன்ற மின்விளக்குகளை ஏற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பகலில் விளையாட்டுப் பொருளாகத் தோன்றிய அது, இருளில் ஊர் நோக்கிச் செல்லும் மெய்யான வண்டியாகிவிடும். இதைப் படமெடுப்போர் காமிராவை முக்காலியில் பொருத்தி, பல விநாடிகள் அதன் கண்ணைத் திறந்தே வைப்பர். வண்டி அசையாது நிற்பதால், மங்கிய வெளிச்சமும் சிறுகச் சிறுகச் சேர்ந்து படமாகிவிடுகிறது.

ஆனால், மெய்யான வண்டி நமக்காக நிற்பதில்லை. எஞ்சினோ கரியது, இரவும் கரியது, வேகமோ கடியது. இம்மூன்றையும் வென்று, ஓடும் நீராவி வண்டியை இரவில் படமாக்கியவருள் தலைசிறந்தவர் அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க்.

1914-இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் பிறந்த லிங்க், சிவில் எஞ்சினீயரிங் பட்டம் பெற்றவர். விளம்பரப் படங்கள் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். 1955 ஜனவரியில் வேலை நிமித்தம் வர்ஜீனியா மாநிலம் சென்றபோது, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்னும் இருப்புப்பாதையின் நீராவி வண்டிகளைக் கண்டார். பெரிய கம்பெனிகள் பலவும் டீசலுக்கு மாறிவந்த காலம் அது. நிலக்கரி நாட்டினூடே சென்ற இப்பாதை மட்டும் நீராவியை விடாது பற்றியிருந்தது. அதற்கும் முடிவு நெருங்கிவிட்டது என உணர்ந்த லிங்க், கம்பெனியின் அனுமதி பெற்று, தம் கைப்பொருளைச் செலவிட்டு, ஏறத்தாழ இருபது முறை அங்கே சென்றார். 1960-இல் அப்பாதையில் நீராவி ஓய்வதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து முடித்தார்.

இரவை அவர் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சூரியனை நாம் விரும்பும் இடத்துக்கு நகர்த்த இயலாது. இரவிலோ, ஒவ்வொரு விளக்கையும் வேண்டிய இடத்தில் வைக்கலாம். மரத்திலும் கூரையிலும் பளிச்சொளிக் குமிழ்களைக் கட்டி, கம்பிகளால் இணைத்து, வண்டி வரும் கணத்துக்காகக் காத்திருப்பார். ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் குமிழ்கள் அவை. கணம் தவறினால், பல மணி நேர உழைப்பு வீண்.

1956 ஆகஸ்டு 2-ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்னும் ஊரில் 43 குமிழ்களை ஒருசேர எரித்தார். காரில் அமர்ந்து திறந்தவெளியில் சினிமா பார்க்கும் இளம் சோடி. எதிரே திரையில் ஆகாய விமானம். அப்பால் வெண்புகை கக்கிப் பாயும் சரக்கு வண்டி. உலகப் புகழ்பெற்ற படம் இது.

இதில் ஒரு செய்தியை மறைக்கலாகாது. குமிழ்களின் ஒளியில் திரை வெளுத்துவிட்டதால், விமானத்தை வேறொரு நெகடிவிலிருந்து பின்னர் சேர்த்தார் லிங்க். அங்ஙனமாயின் இதைச் சரித்திரச் சான்று எனலாமா? விமானத்துக்குச் சான்றாகாது, வண்டிக்குச் சான்றுதான். மாதிரிப் பெட்டியும் இத்தகையதே. அதன் விளக்கு நாம் ஏற்றியது. அதன் உருவமோ மெய்யான பெட்டியை அளந்து குறுக்கியது. எது கண்டது, எது சேர்த்தது எனப் பகுத்தறிவதே சரித்திரம் பயில்வோர் கடமை.

லிங்க் 2001-இல் காலமானார். 2004 முதல், ரோனோக் நகரின் பழைய இரயில் நிலையமே அவர் படங்களுக்குக் காட்சிசாலையாயிற்று.

நம் நாட்டிலும் அகலப்பாதையில் நீராவி வண்டிகளின் அன்றாட ஓட்டம் 1995-இல் முடிந்தது. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே இரண்டு இரவுகளை வண்டியில் கழித்துப் பழகியவர்கள் நாம். வண்டியில் நீல விளக்கு எரிய, நள்ளிரவு நிலையத்தில் கரி எஞ்சின் தண்ணீர் பிடித்த காட்சி நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் நினைவில் இன்னும் உண்டு. அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்கு மின்குமிழும் வேண்டா, காமிராவும் வேண்டா. காலம் மட்டும் கடந்துவிடலாகாது.