திருப்பண்டம் (கத்தோலிக்கம்)

திருப்பண்டம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் அல்லது அருளாளர் ஒருவரின் உடலையோ, உடலின் ஒரு பகுதியையோ, அவர் பயன்படுத்திய பொருளையோ குறிக்கும் சொல் ஆகும். தமிழ்க் கத்தோலிக்கர் இதனை அருளிக்கம் என்றும் அழைப்பர். திருப்பண்டங்களை வணக்கத்துக்கு வைக்கலாம். ஆனால் அவற்றை விற்கத் திருச்சபைச் சட்டம் தடை விதிக்கிறது. குருக்களும் துறவிகளும் மட்டுமன்றி, பொதுநிலையினர் எனப்படும் சாதாரண நம்பிக்கையாளரும் திருப்பண்டங்களைச் சேகரிப்பதிலும் காப்பதிலும் தொடக்க காலம் முதல் பங்கு கொண்டுள்ளனர்.

அடிப்படை நம்பிக்கை

கத்தோலிக்கப் போதனையின்படி ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதருக்கும் அவருடைய திருப்பண்டத்துக்கும் செலுத்தப்படுவது வணக்கம் மட்டுமே. திருப்பண்டத்துக்குத் தானாக எந்த ஆற்றலும் இல்லை என்றும், நன்மை செய்பவர் கடவுளே என்றும் திருச்சபை விளக்குகிறது. இறைவாக்கினர் எலிசாவின் எலும்புகள் மேல் பட்ட பிணம் உயிர் பெற்ற நிகழ்ச்சியும் (2 அரசர்கள் 13:21), பவுலின் உடலில் பட்ட துணிகளால் நோயாளிகள் நலம் பெற்ற நிகழ்ச்சியும் (திருத்தூதர் பணிகள் 19:12) இதற்கு விவிலிய ஆதாரங்களாகக் காட்டப்படுகின்றன.

வகைகள்

மரபு வழியாகத் திருப்பண்டங்கள் மூன்று வகைப்படும்.

1. முதல் வகை: புனிதரின் உடல், எலும்பு, இரத்தம், முடி முதலியவை.
2. இரண்டாம் வகை: புனிதர் அணிந்த உடை, பயன்படுத்திய செபமாலை, நூல் முதலியவை.
3. மூன்றாம் வகை: முதல் வகைத் திருப்பண்டத்தில் தொட்டு எடுக்கப்பட்ட துணி முதலியவை.

2017ஆம் ஆண்டு டிசம்பரில் புனிதர் நிலைப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறது. முழு உடல், உடலின் பெரிய பகுதிகள், எரியூட்டப்பட்ட உடலின் சாம்பல் ஆகியவை முதன்மையானவை. சிறு துண்டுகளும் புனிதரோடு தொடர்புடைய பொருள்களும் மற்றப் பிரிவில் அடங்கும்.

வரலாறு

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு எரித்துக் கொல்லப்பட்டபோது, அந்நகரக் கிறித்தவர்கள் அவருடைய எலும்புகளைப் பொறுக்கியெடுத்து அடக்கம் செய்தனர். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், புதிய கோவில்கள் திருப்பண்டத்துடன் நேர்ந்தளிக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் போலிப் பண்டங்களும் வணிகமும் பெருகின. புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதிகள் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் திருப்பண்ட வணக்கத்தை உறுதி செய்தது. அதே வேளையில் மூடநம்பிக்கையையும் பண ஆசையையும் விலக்குமாறும், ஆயரின் ஒப்புதலின்றிப் புதிய திருப்பண்டங்களை ஏற்கலாகாது என்றும் பணித்தது.

தென்னிந்தியாவில்

* புனித தோமா: சென்னை சாந்தோம் பேராலயம் இவருடைய கல்லறை மேல் எழுந்தது என்பது மரபு. எலும்புகளின் பெரும்பகுதி எதெசா நகருக்கும், பின்னர் 1258இல் இத்தாலியின் ஓர்தோனாவுக்கும் கொண்டு செல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1953இல் ஓர்தோனாவிலிருந்து கை எலும்பு ஒன்று கேரளத்தின் கொடுங்கல்லூருக்குக் கொண்டுவரப்பட்டது.
* புனித பிரான்சிஸ் சவேரியார்: முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இவர் 1552இல் சீனக் கடற்கரைக்கு அருகிலுள்ள தீவில் இறந்தார். உடல் கோவாவில் உள்ளது. 1614இல் வெட்டியெடுக்கப்பட்ட வலது முன்கை உரோமையில் இயேசு சபைக் கோவிலில் வைக்கப்பட்டுள்ளது.
* புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ): 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவருடைய இரத்தத்தால் அங்குள்ள மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. திருப்பயணிகள் அம்மண்ணை எடுத்துச் செல்கின்றனர்.

தேவசகாயம்

இந்தியப் பொதுநிலையினருள் புனிதராக உயர்த்தப்பட்ட முதல் ஆண் தேவசகாயம் ஆவார். 1712இல் நட்டாலத்தில் பிறந்த இவருடைய இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்தபோது, டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் தொடர்பால் கிறித்தவத்தை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைது செய்யப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம்பிக்கையே கொலைக்குக் காரணம் எனத் திருச்சபை கொள்கிறது. அரசியல் காரணங்களைக் கூறுவோரும் உளர்.

அவருடைய உடல் அடக்கம் செய்யப்படாமல் காட்டில் விடப்பட்டது. சில நாட்களுக்குப் பின் எஞ்சிய எலும்புகளை நம்பிக்கையாளர்கள் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தனர். அப்போது அவர் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அல்லர், அரசால் தண்டிக்கப்பட்டவர். அவருக்கு அருளாளர் பட்டம் 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலிலும், புனிதர் பட்டம் 2022 மே 15 அன்று வத்திக்கானிலும் வழங்கப்பட்டன. அதாவது, மக்கள் காத்த எலும்புகள் திருச்சபையின் முறையான ஏற்பைப் பெற 260 ஆண்டுகள் ஆயின.

பெறும் முறை

திருப்பண்டம் விலைக்குப் பெறக்கூடியது அன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1190ஆம் விதி அதன் விற்பனையை முற்றாகத் தடை செய்கிறது. மக்கள் பெரிதும் வணங்கும் திருப்பண்டத்தை நிலையாக வேறிடத்துக்கு மாற்றத் திருப்பீடத்தின் அனுமதி தேவை.

பங்குக் கோவில் ஒன்று திருப்பண்டம் பெற விரும்பினால், பொதுவாக மறைமாவட்ட ஆயரின் பரிந்துரைக் கடிதத்துடன், புனிதரின் துறவற சபைக்கோ, புனிதர் பட்ட வழக்கை நடத்தும் வேண்டுகையாளருக்கோ விண்ணப்பிக்க வேண்டும். திருப்பண்டம் சிறு பேழையில் முத்திரையிடப்பட்டு, உண்மைச் சான்றிதழுடன் அளிக்கப்படும். முத்திரை உடைந்தாலோ சான்றிதழ் தொலைந்தாலோ அதன் நம்பகத்தன்மையை நிறுவுவது கடினம். ஆகவே கடைகளிலும் ஏலங்களிலும் விற்கப்படும் பண்டங்களைச் சான்றிதழ் இருப்பினும் ஐயத்துடனேயே நோக்க வேண்டியுள்ளது.

பொதுநிலையினர் வாழ்வில்

மதுரை மறைப்பணித்தளத்தில் குருக்கள் மிகச் சிலரே இருந்த காலத்தில், உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினரே ஊர்தோறும் செபங்களை நடத்தி நம்பிக்கையைக் காத்தனர். இன்றும் நவநாள், கொடியேற்றம், தேர்ப்பவனி முதலியவற்றில் ஊர் மக்களே முன்னிற்கின்றனர். திருவிழாக்களில் திருப்பண்டத்தை முத்தி செய்தலும் அதனால் ஆசி பெறுதலும் வழக்கம். திருப்பண்டம் இல்லாத கோவிலிலும் திருப்பலி முறையானதே. புனிதரின் வாழ்வைப் பின்பற்றுவதே அவருக்குச் செலுத்தும் சிறந்த வணக்கம் எனத் திருச்சபை போதிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* தேவசகாயம் பிள்ளை
* சாந்தோம் பேராலயம்
* ஓரியூர்