சான்று வரும்வரை காத்திருக்கலாமா? புக்கிட் மேராவும் செர்னோபிலும்

'சுற்றுச்சூழலும் மக்களும்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால், நம்மில் பலர் உடனே நெகிழிப் பையைப் பற்றித்தான் எழுதுறோம். பினாங்கு தோள்கொடுத்த ஒரு பெரிய வழக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்க மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்திலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தார்கள். மிஞ்சிய கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. 1985இல் ஊர்மக்கள் 8 பேர், எல்லார் சார்பிலும் ஈப்போ உயர் நீதிமன்றம் போனார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் அலாம் மலேசியாவும் துணை நின்றன. இவ்விரண்டுக்கும் தலைவராக இருந்தவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். ஊர்மக்களின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன், 1987 லாலாங் நடவடிக்கையில் கைதானார்.

வழக்கு நடந்த காலத்தில்தான், 1986 ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் அணு உலை வெடித்தது. அயோடின்-131 புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற பசுவின் பால் வழியே பிள்ளைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. அந்தச் சுரப்பிக்கு அயோடின் வேணும். ஆனால் நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளின் சுரப்பி சிறியது என்பதால் பாதிப்பும் அதிகம். ஏறக்குறைய 4 ஆண்டுகள் கழித்து பெலாரஸ், உக்ரைன் பிள்ளைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருகியது. அறிஞர் சிலர் முதலில் நம்பவில்லை. 2005க்குள் அந்நோய் 6000 பேருக்கும் மேல் கண்டறியப்பட்டது. சிகிச்சையால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். போலந்து நோய் தெரியும்வரை காத்திருக்கவில்லை. விபத்து நடந்த சில நாள்களிலேயே 1 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது.

தேர்வில் இரண்டையும் குழப்பிக்காதீங்க. புக்கிட் மேராவில் பேசப்பட்டது தைராய்டு புற்றுநோய் அல்ல. இரத்தப் புற்றுநோயும் பிறவிக் குறைகளும். அங்கேயும் 'ஆலைதான் காரணம்னு நிரூபிக்க முடியுமா?' என்பதே கேள்வியாக நின்றது. 1992 ஜூலையில் ஆலையை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டப்படி ஆலை வென்றது. ஆனாலும் மக்கள் எதிர்ப்பு ஓயாத நிலையில் 1994இல் மூடுவதாக அறிவித்தது.

வகுப்பில் விவாதிக்க: தீங்கை நிரூபிக்கும் சுமை யாருடையது? ஆலையுடையதா, பிள்ளையைப் பெற்றவருடையதா? போலந்தையும் புக்கிட் மேராவையும் சான்றாகக் காட்டி உங்கள் கருத்தை எழுதுங்கள்.